வீட்டுக் கொல்லையில் மேட்டுப் பாத்தி

காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது கொல்லையில் நீர் தேங்கிக் கீரையும் கத்தரி நாற்றும் வேரழுகி மடிகின்றன. நெல் விளைவிக்கும் குடும்பமே அந்நாட்களில் காய்கறியை விலைக்கு வாங்க நேரிடுகிறது. இக்குறையைத் தீர்க்க மேட்டுப் பாத்தி ஏற்ற வழியாகும்.

வெயில் படும் இடத்தில், உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 1½ அடி உயரமாகச் செங்கற்சுவர் எழுப்ப வேண்டும். அகலம் இதனை மிஞ்சலாகாது. இருபுறமும் நின்று நடுவரை கை எட்டினால்தான் மண்ணை மிதியாமல் களையெடுக்க இயலும். அடியில் தளம் போடலாகாது. சுவரின் அடிவரிசையில் நீர் வடியத் துளைகள் விடுதல் அவசியம்.

முதலில் அரை அடிக்குத் தேங்காய் மட்டையும் சருகும் பரப்புக. எஞ்சிய ஓரடிக்கு 32 கன அடிக் கலவை வேண்டும்: குளத்து வண்டல் 16, மக்கிய தொழுவுரம் 8, மணல் 8. வண்டல் தனியே இருப்பின் இறுகிவிடும். ஆதலின் மணலைத் தவிர்க்கலாகாது.

முதன்முறை நான் அவசரப்பட்டுப் பச்சைச் சாணத்தை இட்டேன். அதன் சூட்டில் நாற்றுகள் யாவும் கருகின. நாற்றமின்றிக் கையில் பொடியாக உதிரும் எருவே ஏற்றது. நிரப்பியபின் நீர் தெளித்து இரு வாரம் விட்டால் கலவை தாழும். அக்குறையை நிரப்பிய பின்னரே நடவு செய்க.

வண்டல் எடுக்க வட்டாட்சியரின் அனுமதி தேவை. ஊராட்சி உறுப்பினர்கள் மக்களின் விண்ணப்பங்களைத் திரட்டிக் கோடையிலேயே அனுப்புவார்களாயின், புரட்டாசிக்குள் வீடுதோறும் பாத்தி ஆயத்தமாகிவிடும்.