இடுப்பளவும் இதயமும்: முதன்முறை அளப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

உடம்பு பருத்தால் இதயத்துக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடை சரியாக இருந்தும் மாரடைப்பு வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். அவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும்.

கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது?

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) ஒன்றுதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடை மெஷின் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பால் அவ்வளவு தொல்லை இல்லை. குடலைச் சுற்றிச் சேர்வதுதான் ஆபத்து. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகமாக ரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, பிரஷர் ஏறுகிறது. போதாததற்கு, அந்தக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது. இத்தனையும் சேர்ந்து இதய ரத்தக்குழாயின் உட்சுவரில் படிவை வளர்க்கின்றன. அது வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு.

டேப்பை எடுங்கள்

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதால் அது வருஷக்கணக்கில் மாறாமலே இருக்கும். கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில், வெறும் உடம்பில், தையல் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் பாருங்கள்.

தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. ஐரோப்பிய ஆண்களுக்கு இந்த வரம்பு 94.

ரத்தப் பரிசோதனை

வெறும் வயிற்றில் எடுங்கள். டிரைகிளிசரைடு 150, சர்க்கரை 100, பிரஷர் 130/85, இவற்றுக்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது. இடுப்பளவோடு சேர்த்து ஐந்தில் மூன்று தவறினால், உடனே டாக்டரிடம் போங்கள்.

குறைக்கத் தொடங்குவது

80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே பிரஷரும் டிரைகிளிசரைடும் இறங்கத் தொடங்கும். பட்டினி வேண்டாம். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்கிறோமே, அங்கே கை வையுங்கள். ஒரு முறை சோற்றுக்குப் பதில் காய், சுண்டல், முட்டை. டீயில் சர்க்கரையை விடுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போதுமான தொடக்கம். வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் தொப்பை கரைந்துவிடாது. விளம்பரத்தில் வரும் பெல்ட்டுக்கும் பொடிக்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால்

உடனே நிறுத்துங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை என்றால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீர்கள்.