காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்
(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

கல்லூரி மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சென்ற ஐப்பசியில் எங்கள் வாடகை அறையில் நடந்ததை நேரில் கண்டிருந்தால் அவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

என் அறைத்தோழருக்கு ஒரு நாள் விடியற்காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. நண்பகலுக்குள் பத்து முறைக்குமேல் நீராய்ப் போயிற்று. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய பெரியப்பா, "ஓடுகிற வயிற்றுக்குத் தண்ணி கொடுத்தா இன்னும்தானே ஓடும்?" என்று சொம்பை எடுத்து வைத்துவிட்டார். அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆகவே மருந்துக் கடைக்கு ஓடி ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, முழுவதையும் ஒரே டம்ளர் நீரில் கொட்டிக் கலக்கிக் குடிக்கவைத்தேன். மருந்து கெட்டியாக இருந்தால் விரைவில் குணம் தெரியும் என்பது என் எண்ணம்! அவர் குமட்டி வாந்தி எடுத்தார். தாகம் மேலும் கூடியது. மாலையில் கண்கள் குழி விழுந்தன. கைத்தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லத்தான் மறைந்தது. காலையிலிருந்து சிறுநீரே கழியவில்லை. பேச்சும் குழறத் தொடங்கியபோதுதான் ஆட்டோ பிடித்தோம்.

மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொண்டே அந்த அம்மையார் என்னைக் கேட்ட முதற் கேள்வி, "எவ்வளவு தண்ணியில் கரைச்சே தம்பி?" என்பது. சொன்னேன். "பொட்டலத்தின் மேலே ஒரு லிட்டர்னு போட்டிருக்குமே, படிக்கலையா?" என்றார். வேதியியல் மாணவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது வெறும் 20.5 கிராம். சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதை ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசலின் செறிவு 245 மில்லி ஆஸ்மோல். இது இரத்தத்தின் செறிவைவிடச் சற்றே குறைவு. 200 மில்லி டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்காகி, இரத்தத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டிவிடுகிறது. முதலாண்டில் சவ்வூடு பரவலைப் படித்தோமல்லவா? நீர் செறிவு மிகுந்த பக்கத்திற்கே செல்லும். உடலுக்குள் சேரவேண்டிய நீரை நான் குடலுக்குள் இழுத்துவிட்டேன். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் இவ்வாறே கெடுதல் செய்வன.

சரியான செறிவில் அது வேலை செய்வது எப்படி? குடற்சுவரின் உயிரணுக்களில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்தே நுழையும் வாயில் ஒன்று உண்டு. இதை 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியேற்றும்போதும் இந்த வாயில் அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் உள்ளே போக, நீர் பின்தொடர்கிறது. 1968-இல் டாக்காவில் நளினும் கேஷும் இதைப் பெரியவர்களான காலரா நோயாளிகளிடம் நிறுவினர். 1971-இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைப் பெரும் பீப்பாய்களில் கலக்கிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பெற்றது. எனக்குக் கேட்டால், இதைப் பாடநூலில் ஒரு பக்கமாவது வைக்கவேண்டும்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் நல்லவை. இளநீரில் சோடியம் குறைவாதலால் அதை மட்டுமே நம்பலாகாது. ஒவ்வொரு முறை போனபின்பும் ஒரு டம்ளர், தாகம் இருந்தால் அதற்கு மேலும் பருகலாம். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, மடக்கு மடக்காகத் தரவேண்டும். பட்டினி வேண்டாம். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் ஆகும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்திற்கு ஒன்றாகத் தரலாம். மழைக்காலத்தில் ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ஆகா. வந்திருப்பது டெங்குவானால் இரத்தக்கசிவு மிகும். காய்ச்சலோ இரத்தமோ இருக்கையில் வயிற்றைக் கட்டும் மாத்திரையும் தவறு. கிருமி உள்ளேயே தங்கிவிடும். பெட்டியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்குவதைப் பற்றிக் கேட்டதற்கு அந்த அம்மையார் என்னை முறைத்தார். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு அது தேவையில்லை. காலராவா, டைஃபாய்டா, சீதபேதியா என்று பார்த்து மருத்துவரே தரவேண்டியது.

மலத்தில் இரத்தம், 102 டிகிரிக்குமேல் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எதைக் குடித்தாலும் வாந்தி, மயக்கம் அல்லது பிதற்றல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அறையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கலாகாது. மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

நண்பர் நான்காம் நாள் அறைக்குத் திரும்பினார். பெரியப்பாவையும் என்னையும் ஒருசேர மன்னித்துவிட்டார். எங்கள் அலமாரியில் இப்போது ஒரு லிட்டர் புட்டி ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தருகே மையால் கோடு கிழித்து, "இதுவரை, ஒரு பொட்டலம்" என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்.