காந்தட்பூவும் கலப்பைக் கிழங்கும்

மாரி பெய்து கார்த்திகைத் திங்கள் வருங்கால், மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வேலியோரங்களினும் மணற்பற்றைகளினும் செங்காந்தள் மலரக் காணலாம். கார்த்திகைப்பூ என்பது ஊர்வழக்கு. இலையின் நுனியே சுருண்டு அயற்செடியைப் பற்றி ஏறும். இதழ்கள் ஆறு, முதலிற் பசுமையாயிருந்து, மஞ்சளாகி, ஈற்றிற் செந்தீ நிறம் பெற்றுப் பின்புறமாக மடங்கி நிற்கும். ஆசிரியர்கள் ஒரு பூவைக் கொடியிலிருந்தபடியே நாடோறுங் காட்டி, நிறமாற்றத்தை மாணாக்கர் குறித்துவருமாறு செய்தல் நன்று.

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே பூக்களை நிரல்படக் கூறுமிடத்து முதற்கண் வைத்தது காந்தளையே. பதினோராந் திருமுறையிற் சேர்ந்த திருமுருகாற்றுப்படையிலே முருகப்பெருமான் காந்தட்கண்ணி சூடியவனாகப் போற்றப்படுகின்றான். ஆதலின் மண்டூர்க் கந்தனை வழிபடச் செல்லும் பிள்ளை இப்பூவைப் பறிக்க விரும்புதல் இயல்பேயாம். பூவோடு கொடியை வேருடன் இழுத்தெடுப்பதே இடர்.

இதன் கிழங்கு இரு கவராய்க் கலப்பை போன்றிருத்தலின் கலப்பைக் கிழங்கு எனவும், வடமொழியில் இலாங்கலி எனவும் பெயர் பெற்றது. சித்த மருத்துவர் இதனைச் சீவி, உப்பிட்ட மோரில் ஊறவிட்டு உலர்த்திச் சுத்திசெய்தே கையாளுவர், மேற்பூச்சாகவும் வழங்குவர். இதிலுள்ள கொல்ச்சிசின் என்னும் பொருளை 1820ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயனிகள் இருவர் வேறொரு செடியினின்றும் பிரித்தெடுத்தனர். மூட்டுக்களைப் பற்றும் ஒருவகைச் சூலைக்கு அஃது இன்றும் மருந்தாகின்றது. தமிழ்நாட்டு உழவர் காந்தளைப் பயிரிட்டு அதன் விதையை விற்பதும் இதன்பொருட்டே. ஆயின் மாத்திரையொன்றில் இருப்பது ஏறக்குறைய 0.5 மில்லிகிராமே. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி அத்துணைச் சிறிது. வீட்டிலே சுத்திசெய்து உட்கொள்ளலாமென்று சிலர் கூறுவதை யாம் ஒருசிறிதும் ஒப்புக்கொள்ளோம்.

இலங்கையிலே இக்கிழங்கை வற்றாளை முதலியவற்றோடு மயங்கி உண்டு இறந்தோர் உளர். அவித்தாலும் நஞ்சு நீங்காது. உண்ட சில மணி நேரத்தில் வாயெரிவும் வாந்தியும் பேதியும் தோன்றும். பின் சற்றே தணிந்ததுபோலத் தோன்றினும், குருதியும் இருதயமும் தாக்கப்படுவது அதற்குப் பின்னரே. பிழைத்தோர்க்கும் சில நாளின்பின் தலைமயிர் உதிர்வதுண்டு. முறிமருந்தென எளிதிற் கிடைப்பது யாதுமில்லை. ஆகவே நோய் தெளிந்ததென்று எண்ணி வீட்டில் வைத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க; உண்டதில் எஞ்சிய துண்டையும் தாளிற் பொதிந்து உடன் எடுத்துச் செல்க.