முடவாட்டுக்கால்

பூவும் காயும் இன்றித் தழைக்கும் செடியினங்களுள் பெரணியும் ஒன்று. அவ்வினத்துள், நம் நாட்டு மலைகளில் பாறையையும் மரக்கிளையையும் பற்றி வாழும் முடவாட்டுக்காலைப் பற்றியும், அதனை வளர்க்கும் முறையைப் பற்றியும் யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கொல்லிமலையில் சாறு வைத்தற்கென விற்கப்படும் இதனைக் கிழங்கென்பர் பலர். உண்மையில் அது பாறைமேல் ஊர்ந்து செல்லும் தண்டேயாம். பழுப்பு நிறச் செதில்கள் மயிர்போல் மூடியிருத்தலின் அஃது ஆட்டின் காலை ஒக்கும். லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753ஆம் ஆண்டில் இதற்கிட்ட பெயரோ, ஓக்கு மரத்தின் இலை போன்ற இலையுடையது என்று பொருள்படும்.

இச்செடிக்கு இலை இருவகைத்து. ஒன்று, காம்புடன் இரண்டு மூன்றடி நீண்டு, ஆழப் பிளவுபட்டுப் பசுமையாய் நிற்பது. இதன் அடிப்புறத்தே வித்துத்துகள்கள் தோன்றும். மற்றொன்று, காம்பின்றித் தண்டைத் தழுவிக் கிண்ணம்போல் நிற்பது. இது விரைவிற் பசுமை நீங்கிச் சருகாயினும் உதிர்வதில்லை. மேலிருந்து விழும் இலையும் தூசும் இதனுள் தங்கி மட்கி எருவாகும். மழையின் ஈரமும் அங்கே நிற்கும். மண்ணிற் கால் ஊன்றாத இச்செடிக்கு அதுவே மண். கோடையிற் பச்சையிலைகள் உதிர்ந்தபோதும் இச்சருகிலை தண்டைக் காத்து நிற்கும்.

வளர்க்க விரும்புவோர், முன்னரே வளர்ப்போரிடமிருந்து, நுனிமொட்டும் வேரும் உடைய ஒரு சாண் தண்டைப் பெறுக. மழைக்காலத் தொடக்கத்தில், நிழலும் சிறிது வெயிலும் படும் மாமரம் போன்றதொரு சொரசொரப்பான மரத்தில், தேங்காய் நாரை அடியில் வைத்துக் கயிற்றாற் கட்டுக. மண்ணிற் புதைத்தல் ஆகாது. புதைப்பின் தண்டு அழுகும். வேர் பற்றுமளவும் நாடோறும் நீர் தெளித்து, பற்றியபின் கயிற்றை அவிழ்த்துவிடலாம். பார்வைக்கு அழகன்று எனக் கருதிச் சருகிலையை அறுத்தல் கூடவே கூடாது; அறுப்பின் செடியின் உணவுக்கலத்தையே உடைத்தவராவோம்.

வித்துத்துகளினின்றும் வளர்த்தல் எளிதன்று. துகள் முளைத்து, முதலில் நகத்தளவான இதயவடிவத் தகடாகும். அதன்மீது நீர் நின்றாலன்றிக் கருவுறுதல் நிகழாது. கருவுற்ற பின்னரே பெரணி தோன்றி மெல்ல மெல்ல வளரும். ஆகவே, ஒரு பாறையிலுள்ள தண்டு முழுவதையும் ஒரு நாளிற் பெயர்த்தெடுப்பின், அவ்விடம் மீண்டும் பசுமையுறப் பல்லாண்டு செல்லும். மூட்டுநோய்க்கு நல்லதென்று மக்கள் விரும்பி வாங்குதலின், மலைகளில் இது பெரிதும் அகழப்படுகின்றது. எடுப்போர் நுனிமொட்டோடு ஒரு பகுதியையேனும் விட்டுவைத்தலும், வேண்டுவோர் தத்தம் தோட்டத்து மரங்களில் வளர்த்துக்கொள்ளுதலும் இதற்கு மருந்தாம்.

தன் பசுமை போன பின்னும் இளந்தளிர்க்கு உணவு திரட்டித் தரும் இலையைப் படைத்தான் இறைவன். அதனைக் குப்பையென்று களையாது போற்றுதல் நம் கடன்.