ஒரே பக்கம், இரண்டு உலாவிகள்: பாணித்தாள் பாடத்தில் ஒரு பெட்டிக் கணக்கு

பதினோராம் வகுப்பில் சிஎஸ்எஸ் பாணித்தாள் பாடம் முடிந்ததும், பள்ளிக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்துவரச் சொல்வது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, இடப்புறம் பட்டியலும் வலப்புறம் செய்திகளுமாக நேர்த்தியான பக்கம் ஒன்றை ஆய்வகக் கணினியில் உருவாக்கினாள். அதில் இருந்த உலாவி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. மதிப்பிடும் நாளில் நான் அதை ஃபயர்பாக்ஸ் உள்ள வேறு கணினியில் திறந்தேன். செய்திப் பகுதி, பட்டியலுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. "நேத்து சரியா இருந்துச்சு சார்" என்றாள். நான் நம்பவில்லை; மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். மாலையில் அவள் பயன்படுத்திய கணினியிலேயே திறந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. மறுநாள் இருவரும் சேர்ந்து காரணத்தைத் தேடினோம்.

கணக்கு எங்கே மாறியது?

பக்கத்தின் மொத்த அகலம் 500 பிக்சல். பட்டியலுக்கு 150, செய்திக்கு 350 என்று அவள் பிரித்திருந்தாள். கூட்டினால் 500, சரிதான். ஆனால் இரண்டு பெட்டிகளிலும் எழுத்து விளிம்பில் ஒட்டாமல் இருக்க, இருபுறமும் 10 பிக்சல் 'பேடிங்' கொடுத்திருந்தாள்.

தர விதிப்படி, 'விட்த்' என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே சேரும். எனவே பட்டியல் 170, செய்தி 370, மொத்தம் 540. ஐந்நூறில் இடம் போதாததால் இரண்டாவது பெட்டி கீழே இறங்கியது. பழைய எக்ஸ்புளோரரோ பேடிங்கையும் அகலத்துக்குள்ளேயே அடக்கிக் கணக்கிட்டது. அதனால் அங்கே 500-க்குள் பொருந்தியது.

ஏன் இரண்டு கணக்கு?

பாணித்தாள் பற்றிய முன்மொழிவை ஹோகோன் வியம் லீ 1994-இல் வெளியிட்டார். உலகளாவிய வலை இணையம் என்ற தர அமைப்பு 1996 டிசம்பரில் அதன் முதல் நிலையைப் பரிந்துரையாக அறிவித்தது. ஆனால் அக்கால உலாவிகள் விதிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை. பிறகு திருந்தியபோது, பழைய முறையை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் சிதையும் நிலை வந்தது. அதற்குக் கண்ட வழிதான் டாக்டைப் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்வது. முதல் வரியில் முறையான டாக்டைப் இருந்தால் தர முறை. இல்லையென்றால் பழைய பக்கம் எனக் கருதிப் பழைய முறை. நம் மாணவி விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

வகுப்பறைச் செயல்பாடு

எக்ஸ்புளோரருக்கான ஆதரவு 2022 ஜூனில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எனினும் இதே வேறுபாட்டை இன்றைய குரோமிலும் காட்டலாம். டாக்டைப் இல்லாத பக்கத்தில், நிறமிட்ட ஒரு பெட்டிக்கு 'விட்த்' மதிப்பாக அலகு இல்லாமல் வெறும் 150 என எழுதச் சொல்லுங்கள். பெட்டி 150 பிக்சலில் நிற்கும். இனி முதல் வரியில் டாக்டைப் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டி பக்கம் முழுவதும் விரிந்துவிடும். "டாக்டைப் போட்டதும் கெட்டுப்போச்சு" என்பார்கள். கெட்டுப்போகவில்லை, மறைந்திருந்த பிழை வெளியே வந்தது. அலகில்லாத நீளத்தைத் தர முறை ஏற்காது. அந்த வரியை மட்டும் விட்டுவிடும். 'பிஎக்ஸ்' சேர்த்தால் பெட்டி மீண்டும் சரியாகும்.

மாணவர்க்குப் பழக்க வேண்டியவை

1. எந்தப் பக்கத்துக்கும் டாக்டைப் முதல் வரி.

2. அகலத்தைக் கூட்டும்போது பேடிங், பார்டர் இரண்டையும் சேர்த்துக் கூட்டுதல். மேற்சொன்ன பக்கத்தில் 130, 330 என மாற்றினால் போதும். அல்லது 'பாக்ஸ்-சைசிங்' பண்புக்கு 'பார்டர்-பாக்ஸ்' மதிப்பு தந்தால் 150, 350 அப்படியே பொருந்தும்.

3. ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் அரைப்புள்ளி. ஒன்று விடுபட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் செயலற்றுப் போகும். உலாவி எந்த எச்சரிக்கையும் தராது.

4. தர அமைப்பு இலவசமாக வழங்கும் சரிபார்ப்பான்களில் சோதித்தல். டாக்டைப் விடுபட்டதை எச்டிஎம்எல் சரிபார்ப்பான் காட்டும். பாணித்தாள் பிழைகளுக்குத் தனிச் சரிபார்ப்பான் உண்டு.

5. குறைந்தது இரண்டு உலாவிகளில் திறந்து பார்த்தல்.

ஐந்தாவது பழக்கம் ஆசிரியருக்கும் பொருந்தும். ஒரு திரையில் சரியாகத் தெரிவதால் நிரல் சரி என்றோ, சிதைந்து தெரிவதால் மாணவர் உழைக்கவில்லை என்றோ முடிவு செய்ய இயலாது. அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தினேன். இப்போது மதிப்பெண் இடும் முன், நிரலின் முதல் வரியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.