நாலு ரைட்டர், ஒரே கம்ப்யூட்டர்

டிவிடி காப்பி எடுப்பது பெரிய வித்தை இல்லை. டிஸ்க்கைப் போடு, கிளிக் பண்ணு, பத்து நிமிஷம் காத்திரு, எடு. ஆனால் அறுபது டிஸ்க் வேண்டும் என்றால்? பத்து மணி நேரம் உட்கார வேண்டும். நாலு ரைட்டர் ஒன்றாக எழுதினால் இரண்டரை மணி நேரம் போதும். அப்படி ஒரு கம்ப்யூட்டரை நானும் எங்க மாமாவும் கோடை விடுமுறையில் வீட்டிலேயே சேர்த்தோம்.

எதற்கு அறுபது? 2007-இல் எங்க ஊர்த் திருவிழாவில் நடந்த கர்ண மோட்சம் கூத்தை மாமா வீடியோ எடுத்திருந்தார். கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் பண்ணும் இடம் மட்டும் இரண்டு மணி நேரம் வரும். கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியார் இன்று உயிரோடு இல்லை. கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு டிவிடி. கூத்துக்காரர்கள் வீடுகளும் சொந்தக்காரர்களும் சேர்ந்து அறுபது பேர் கேட்டார்கள்.

பென் டிரைவில் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கலாம், ஆனால் இடம் பத்தலைன்னு யாராவது அதை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஏத்திடுவாங்க. ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியில் அந்தப் பயம் கிடையாது. எங்க ஊர்த் தாத்தா பாட்டிகள் வீட்டில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது, அதுவும் ஒரு காரணம்.

முதல் வேலைதான் கஷ்டமான வேலை. அந்தப் பழைய டிஸ்க்கைப் படிக்க வேண்டும். கடையில் விற்கும் சினிமா டிஸ்க்கில் தகவல் நுண்ணிய குழிகளாக அச்சடிக்கப்பட்டிருக்கும். நாம் எழுதும் டிஸ்க்கில் குழி கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கும், லேசர் அதைச் சுட்டுப் புள்ளி வைக்கும். வெயில், சூடு, ஈரம் பட்டால் சாயம் கெடும். எங்கள் டிஸ்க் பொன்னுருவி பேச ஆரம்பிக்கும் இடத்தில் திக்கித் திக்கி நின்றது. ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படிக்கும், அதனால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டோம். வேகத்தையும் குறைத்தோம். மூன்றாவது டிரைவ் முழுதாகப் படித்துவிட்டது! மாமா எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார், எனக்கும் சேர்த்து. படித்ததை ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் சேமித்தோம். இனி எல்லாக் காப்பியும் அந்தக் கோப்பிலிருந்துதான். பழைய டிஸ்க்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது கம்ப்யூட்டர். நாலு ரைட்டர் உட்கார உயரமான பழைய கேபினெட் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. ரைட்டர்களும் பழசுதான். 2000-களின் தொடக்கத்தில் இருந்த ஐ.டி.இ. கேபிளில் இரண்டு டிரைவ் மாட்டலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும், மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். பிறகு வந்த சாட்டாவில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனிக் கேபிள். எங்கள் மதர்போர்டில் ஆறு சாட்டா இணைப்புகள் இருந்தன. ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்று, ரைட்டர்களுக்கு நாலு, மீதி ஒன்று சும்மா. மின்சாரத்துக்கு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகப் போதும்.

இனிதான் கணக்கு. டிவிடியில் 1 எக்ஸ் வேகம் என்றால் விநாடிக்கு 1.385 எம்.பி. 16 எக்ஸில் எழுதினால் ஒரு ரைட்டருக்கு விநாடிக்கு 22 எம்.பி. வேண்டும், நாலுக்கும் 88. பழைய ஹார்டு டிஸ்க் அதற்கு மூச்சு வாங்கும். 8 எக்ஸ் என்றால் 44 போதும். டிஸ்க் சுற்றிக்கொண்டே இருப்பதால் லேசர் "கொஞ்சம் இரு, தகவல் வரட்டும்" என்று நிற்க முடியாது. முன்பெல்லாம் தகவல் வருவது ஒரு நொடி தடைபட்டாலும் டிஸ்க் குப்பைதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சான்யோ நிறுவனம், நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்து எழுதும் வழியைக் கொண்டுவந்தது. மற்ற ரைட்டர்களிலும் அதுபோன்ற வசதி வந்தது. இருந்தாலும் நிற்காமல் எழுதுவதே நல்லது.

அதற்கு எங்களுக்கு உதவியது ராம். டிவிடியில் பிடிப்பது 4.7 ஜி.பி. எங்கள் கம்ப்யூட்டரில் ராம் 8 ஜி.பி. முதல் சுற்றில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பு ராமிலேயே தங்கிவிடும், அடுத்த சுற்றுகளுக்கு ஹார்டு டிஸ்க் அவ்வளவாக ஓட வேண்டியதில்லை. மாமா கடை வைத்திருந்த காலத்தில் 512 எம்.பி. ராம்தானாம், இந்தச் சௌகரியம் கிடைத்திருக்காது.

மென்பொருள் இம்ஜ்பர்ன், இலவசம். அதையே நாலு முறை திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு ரைட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் கோப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதியை நிறுத்தாதீங்க. நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஆனால் பாட்டி வீட்டில் போய்ப் படம் நின்றால் யார் பதில் சொல்வது?

ஒரு விஷயம். கூத்துக் குழுவிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே காப்பி எடுத்தோம். சினிமா டிஸ்க்கை இப்படிக் காப்பியெடுத்து விற்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்டக்கூடாது, வேகமாகச் சுற்றும்போது ஆடும். பால்பாயிண்ட் பேனாவும் வேண்டாம், கீறிவிடும். மார்க்கர் பேனாவால் பெயரோடு எழுதிய ரைட்டரின் எண்ணையும் குறித்தோம். சரிபார்ப்பில் ஐந்து டிஸ்க் தேறவில்லை. எடுத்துப் பார்த்தால் ஐந்திலும் "2" என்றே இருந்தது. இரண்டாவது ரைட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மீதி மூன்றை வைத்தே அறுபதையும் முடித்தோம்.