ஒன்பதோடு நிற்கும் ஒழுங்கு

வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குகளில் 111111111 × 111111111 = 12345678987654321 என்பதற்குத் தனி மவுசு. கணக்கு சரிதான். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் விளக்கங்கள்தான் வில்லங்கம்.

நம்பிக்கை: இது யாராலும் விளக்க முடியாத அதிசயம்.

உண்மை: 111-ஐ 111-ஆல் தாளில் பெருக்கிப் பாருங்கள். 111 மூன்று வரிகளில், ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி விழும். நெடுக்காகக் கூட்டினால் ஓரத்தில் 1, அடுத்து 2, நடுவில் 3, பிறகு இறங்குமுகம்: 12321. ஒன்பது ஒன்றுகளுக்கும் இதே கதைதான். இவ்வகை எண்களுக்கு டெம்லோ எண்கள் என்று பெயரிட்டவர் டி.ஆர். காப்ரேகர். புணே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தவர். 1927-ல் ராங்ளர் பராஞ்ச்பே கணிதப் பரிசை வென்றவர். பிறகு நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகவே காலத்தைக் கழித்தவர். டெம்லோ என்பது யோசனை உதித்த ரயில் நிலையம், இன்றைய டோம்பிவிலி.

நம்பிக்கை: ஒன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த ஒழுங்கும் தொடரும்.

உண்மை: பத்தாவது ஒன்றிலேயே குலைந்துவிடும். நடுவில் 10 விழுகிறது. 0 போட்டுவிட்டு 1-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால், அங்கிருக்கும் 9 பத்தாகிறது. மறுபடி 0, மறுபடி 1. அடுத்த 8 ஒன்பதாகிறது. விடை 1234567900987654321. பெருக்கிப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் 12345678910987654321 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணோ பகா எண்! பகா எண் எந்த முழு எண்ணுக்கும் வர்க்கமாக இருக்க வழியே இல்லை.

ஒன்பதுக்குத் தெய்வீக சக்தி என்பாரும் உண்டு. நாம் பத்தை அடிப்படையாக வைத்து எண்ணுவதால்தான் ஒன்பதோடு நிற்கிறது. பதினாறின் அடிப்படையில் எழுதினால் பதினைந்து ஒன்றுகள் வரை இதே ஒழுங்கு தாங்கும்.

நம்பிக்கை: அப்படியானால் 12345678987654321-ல் வேறு விசேஷம் இல்லை.

உண்மை: இருக்கிறது, யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 81. எண்ணும் 81-ஆல் மீதியின்றி வகுபடும். இத்தகைய எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் சூட்டியவரும் காப்ரேகர்தான். பத்து ஒன்றுகளின் வர்க்கத்துக்கு இந்தக் கொடுப்பினை இல்லை: இலக்கக் கூட்டுத்தொகை 82, எண் ஒற்றைப்படை.

நம்பிக்கை: எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன், 12345678987654300 என்று வருகிறது. ஃபார்வர்டுதான் பொய்.

உண்மை: எக்ஸெல் முதல் 15 இலக்கங்களைத்தான் காட்டும், மிச்சத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும். 1-ல் முடியும் எண்ணை 1-ல் முடியும் எண்ணால் பெருக்கினால் விடை 1-ல்தான் முடியும்.